பாலம் எண் 14/3

சித்திரை. காலை எட்டு மணிக்கே
இரும்பு கை வைக்க விடவில்லை.
அரைக் கிலோ சுத்தியலும் சாக்பீஸுமாய்
அரசணைமேட்டுப் பாலத்தில்
ஒவ்வொரு ரிவிட்டாகத் தட்டிக்கொண்டு போகிறேன்.

இறுகியது ணங்கென்று பேசும்.
தளர்ந்தது தொத்தென்று,
பொய் சொல்லப் போகிறவன் தொண்டையைச் செருமுகிற மாதிரி.
தொத்துக்கெல்லாம் ஒரு வெள்ளை வட்டம்.
முதல் கண்ணில் ஒன்பது,
இரண்டாவதில் நாலு.
மூன்றாவதில் எண்ணிக்கை தவறிவிட்டது,
கீழே பவானியில் துணி அலசியவள் அண்ணாந்து
"ஏனுங்க அம்மணி, பாலத்தப் பிரிக்கறீங்களா?" என்றதால்.
இல்லீங்க, பாக்கத்தான்.
"பாத்துட்டுத்தானுங்க பிரிப்பாங்க."
வேட்டியை முறுக்கிப் பிழிந்தாள்.

சட்டகத்தில் கம்பிகளுக்கு இரண்டே வேலை:
இழுபடுவது, இல்லாவிட்டால் அமுங்குவது.
மேல் மூலையில் ஒன்றுக்கு மட்டும்
எப்படிக் கணக்குப் போட்டாலும் சுழி.
கல்லூரியில் அதற்குச் சும்மாக் கம்பி என்று பேர்.
அதைக் கழற்றினால்
பக்கத்துக் கம்பி தன் நீளம் தாங்காமல் வளைந்துவிடும் என்பதைப்
பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பழைய இரும்பு சிக்கந்தர் வந்தார்.
டெண்டர் இன்னும் போடவே இல்லை.
கரையிலிருந்து கரைக்கு ஒருமுறை நடந்துவிட்டு
"நூத்திப் பன்னண்டு டன் நிக்கும்" என்றார்.
நாலு ராத்திரி கூட்டிப் பெருக்கிய என் கணக்கில்
நூற்றுப் பதினொன்று புள்ளி நாலு.
"மிச்சம் பெயிண்டுங்க."

சுரண்டிப் பார்த்தேன்.
சாம்பல், அடியில் பச்சை, மறுபடி சாம்பல்,
ஏதோ ஒரு தேர்தல் சின்னத்தின் பாதி,
ஈயச் சிவப்பு,
அதற்கும் அடியில்
இந்த ஆற்றை ஒருநாளும் பார்த்திராத பட்டறை ஒன்றின் பேர்,
ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைத் துரு தின்றுவிட்டிருக்க.

மஞ்சள் மூட்டை ஏற்றிய மினி லாரி
உயரத்தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது.
டிரைவர் இறங்கி மூட்டையைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார்,
என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு
டயர்களில் கொஞ்சம் காற்று இறக்கினார்.
நான் சாக்பீஸைத் தேடுகிறவள்போல் திரும்பிக்கொண்டேன்.
முதுகுக்குப் பின்னால் தகடுகள் வரிசையாய்த் துள்ளி அடங்கின.

மத்தியானம் ஏணி வைத்து
வலது கரைச்சுவருக்கு இறங்கினேன்.
விரிசலில் சுண்டுவிரல் நகம் போகிறது.
முந்தைய ஐந்து அறிக்கையிலும் இதற்கு ஒரே காரணம்:
வயது மூப்பு.

ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முனை கட்டு, ஒரு முனை அவிழ்ப்பு.
அவிழ்ந்த முனைக்கடியில் ஆறு உருளைகள்,
ஒவ்வொன்றும் அம்மிக் குழவித் தடிமன்.
கோடையில் இரும்பு அரை அங்குலம் நீளும், மார்கழியில் சுருங்கும்.
அந்த அரை அங்குலத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடு.

உருளைகளுக்கு நடுவே
மண், புறா எச்சம், ஷாம்பு உறை,
ஓர் ஆலங்கன்றின் வேர்.
உருண்டு எத்தனை வருஷமோ.
போக வழியில்லாத இரும்பு
கோடை தவறாமல் சுவரைத் தள்ளியிருக்கிறது.

படிவத்தில் பரிந்துரைக்கு மூன்று கட்டம்:
பழுதுபார்க்க. மூட. இடிக்க.
மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
ஆலங்கன்றை வேரோடு எடுக்கவும்.
உருளைகளைக் கழுவி கிரீஸ் வைக்கவும்.
கிரீஸ் நாலு கிலோ, ஆள் இரண்டு, ஒரு நாள்.
தளர்ந்த ரிவிட்டு முப்பத்தொன்று, போல்ட் போதும்.

கோட்ட அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது,
சிவப்பு மையில்
"அவ்வளவுதானா?" என்ற கேள்வியோடு.

பதில் எழுதவில்லை.
சனிக்கிழமை கோபி கடைத்தெருவில்
கிரீஸ் டப்பாவை ஸ்கூட்டரில் காலடிக்கு வைத்தபடி
கடைப்பையன் கேட்டான்,
பில்லு யார் பேருக்குங்க?

பாலம், என்றேன்.
பதினாலு பை மூணு.