தபால் போகாத இரவு

திரியெஸ்தே. போரா காற்று
ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
நெவெங்கா விளக்கை அணைத்துவிட்டு
நுண்ணோக்கியில் குனிகிறாள்.

பச்சையாய் ஒளிரும் சரக்கு
கோல்கிக்குப் போக வேண்டும்; அங்கே சர்க்கரை பூசி,
பொட்டலம் கட்டி, வெளியே.
போகவில்லை.

கதவை யாரும் உடைக்கவில்லை.
எண்பத்தொன்பது மணி கோத்த ஒரு சரடு,
காக்ஸாக்கி வைரஸின் சின்னப் புரதம்,
வண்டிக்காரனோடு ஏதோ பேசிக்கொண்டு நிற்கிறது.
அவ்வளவுதான்.

உள்ளே
அண்டை செல்லுக்கு எழுதிய எச்சரிக்கை
வலைப்பின்னலிலேயே தேங்கிக் கனக்கிறது.
கோல்கி கலைந்துபோன இடத்தில்
வைரஸ் பட்டறை போடுகிறது,
செல்லின் கொழுப்பில், செல்லின் கூலியில்.

நாற்பதாம் நிமிடம். குறிப்பேட்டில்
'வெளியே எதுவும் வரவில்லை' என்று எழுதி
இடையில் ஓர் 'இன்னும்' செருகுகிறாள்.

துறைமுகத்தில் ஒரு கப்பலும் நகரவில்லை.
பக்கத்து அறையில் ட்ராகோ
தும்முகிறான்.