பதம்

தீயணைப்புக் குழாய்த் தண்ணீர்
லேத்தின் மேலேயே உறைந்து கிடந்தது.
டுலூத்தில் பிப்ரவரி.
வெர்னா மரச்சுத்தியால் தட்டத் தட்ட
பனிக்கட்டிக்கு அடியில்
இரும்பு கொஞ்சம் தலைகாட்டியது,
செம்பழுப்பாய், பூனை நாக்குச் சொரசொரப்பாய்.

கைப்பிடிகள் உருகிச் சொட்டியிருந்தன.
போகட்டும், கைப்பிடி கடையில் கிடைக்கும்.

கூரை இருந்த இடத்துக்குக் கீழே நின்று
ஆர்விட் நியேமி சொன்னார்:
"இன்சூரன்ஸ்காரன் காயலான் கணக்கில் எழுதிவிட்டான்.
எடைக்கு எடுத்துக்கொள்."

அவள் அரத்தை எடுத்தாள்.
பானைக்கு ஒரு சோறு போதும்,
இரும்புக்குப் போதாது.
தீ எல்லா இடத்திலும் ஒரே நேரம் நிற்பதில்லை.
தலைப்பக்கம் அரம் வழுக்கியது. பதம் இருக்கிறது.
ஒரு சாண் தள்ளி, வழுக்கியது.
இன்னொரு சாண்.
பெயின்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த சுவரோரம்
அரம் கடித்தது,
பென்சில் சீவுவதுபோல் சுலபமாக.

ஐந்தடி லேத்தில் மூன்றடி மிச்சம்.
குட்டை வேலைகளுக்கு ஆகும்.

சக்கின் பிடியில் ஒரு தண்டு,
பாதி கடைந்தபடி.
துருவைத் துடைத்து மைக்ரோமீட்டர் வைத்தாள்,
பழக்க தோஷம்.
"எவ்வளவு காட்டுகிறது?"
அதுவரை விலைகூடக் கேட்காத ஆர்விட் கேட்டார்.
"ஒரு மயிரிழை கூடுதல்."
"கடைசி வெட்டு பாக்கி," என்றார்.
"அப்போதுதான் மூக்கில் ஏறியது."

தீ தின்று முடித்துவிட்டது,
தண்ணீர் இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.
நான்கு டப்பா எண்ணெயை
அங்கேயே ஊற்றினாள்.
பிறகு எடை போட்டார்கள்.
தண்டைக் கழற்றவில்லை.
அதுவும் எடையில்தான்.