மூன்றடி நீளக் காற்று

நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காயச் சருகு செருப்பில் ஒட்டும் காலை.
என் மேசை லொறியின் வாய்க்கு நேரே.
இடப்பக்கம் தராசு,
வலப்பக்கம் அளவு நாடா.
இரண்டில் எது கூடச் சொல்கிறதோ
அதைத்தான் பில்லில் எழுதுவேன்.

சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.
ஆணிப் பெட்டி நாற்பது கிலோ,
முழங்கால் உயரமும் இல்லை: தராசு பேசும்.
தலையணை மூடை ஆறு கிலோ,
செபமாலையின் தோளைத் தொடும்: நாடா பேசும்.
"பஞ்சுக்கு இரும்பைவிடக் காசா அக்கா?"
பஞ்சு மட்டும் ஏற்றினால் லொறி நிறையும், கூலி நிறையாது.
இரும்பு மட்டும் ஏற்றினால் டயர் அழும், மேலே பாதி வெறுமை.
இரண்டும் கலந்து போனால்தான்
ஜவுபர் முதலாளிக்கு டீசல் காசு தேறும்.

பத்தரை மணிக்குக் கோணலிங்கம் வந்தார்.
ஓட்டோவில் இருந்து இறங்கியது ஒரு மீன்தொட்டி,
மூன்றடி நீளம், புதுக்குடியிருப்புக்கு.
"உள்ள ஒண்டுமில்லை, வெறுங் காத்து."
மேலே ஏதும் அடுக்கலாமா என்று கேட்டேன்.
"ஐயோ, கண்ணாடி!"
அப்படியென்றால் தொட்டிக்கு மேலே
லொறிக் கூரை வரைக்கும் உள்ள காற்றும்
உங்களுடையதுதான் என்றேன்.
தொகையைப் பார்த்தார்.
கூரையைப் பார்த்தார்.
ஒன்றும் பேசாமல் போனார்,
தொட்டியை என் காலடியில் விட்டுவிட்டு.

மதியச் சாப்பாட்டை நான் அவிழ்க்கும் நேரம் திரும்பினார்.
ஊருக்குப் போன் எடுத்திருக்கிறார் போலும்.
ஒருவருக்கு இரண்டு டசின் கொப்பி,
ஒருவருக்குத் திரைச்சீலை வளையம்,
பள்ளிக்கூடச் சப்பாத்து மூன்று சோடி,
தையல் மெசின் பெல்ட்,
யாருக்கோ ஒரு போத்தல் சித்தாலேப.
எல்லாம் தொட்டிக்குள் இறங்கின, வைக்கோலோடு.
சிகரட் பெட்டி மட்டையைக் கிழித்து
ஐந்து பேருக்கும் துண்டு எழுதினார்,
யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று.
என் மேசையிலேயே, என் பேனையாலேயே
எனக்குப் போட்டியாய் ஒரு கம்பனி.

"எப்ப போய்ச் சேரும்?"
இதற்கு ஒரே பதில் கிடையாது.
வவுனியா வரைக்கும் ஓட்டம் ஏழு மணித்தியாலம்.
ஆனால் லொறி நிறையாமல் நகராது;
இன்று இன்னும் இரண்டு முழம் இடம் கிடக்கிறது.
வவுனியாவில் இறக்கி, பிரித்து,
சின்ன லொறியில் மாற்ற வேண்டும்.
அது செவ்வாயும் வெள்ளியும்தான் முல்லைத்தீவுப் பக்கம் போகும்.
செவ்வாய் தவறினால் வெள்ளி.
ஓடுகிற நேரம் கொஞ்சம்,
நிற்கிற நேரம்தான் பயணம்.

எனக்கு இது புதிதில்லை.
கொட்டாஞ்சேனையில் ஒரு அறை, நாலு கட்டில்,
வாடகை கட்டில் கணக்கில்.
ஜன்னலோரம் படுப்பவளுக்கு இருநூறு கூட.
நாலாவது ஆள் கிடைக்கும்வரை
மூன்று மாதம் நாங்களும் நகராமல் நின்றோம்.

ஐந்தேமுக்காலுக்கு ஒரு பையன் ஓடிவந்தான்,
தலையில் பிளாஸ்டிக் வாளி அடுக்கு.
இரண்டு முழம் சரியாய் அடைபட்டது.
நிமல்சிறி தார்ப்பாயை இழுத்துக் கட்டினான்.

வெள்ளி இரவு போன்.
"சாமான் எல்லாருக்கும் குடுத்தாச்சு பிள்ளை.
தொட்டியில ஒரு மூலை வெடிச்சிட்டுது,
தண்ணி நிக்காது."
'உடையும் பொருள், அனுப்புவோர் பொறுப்பு'
என்று ரசீதின் அடியில் இருப்பதை
எப்படிச் சொல்வது என்று தேடினேன்.
அவர் அதைக் கேட்கவேயில்லை.
"திருப்பி அனுப்ப என்ன கூலி?
அடுத்த மாசம் ஒன்பது பேர் கேக்கினம்."

திரும்பும் லொறி பாதி வயிறோடுதான் வரும்,
பாதிக் கூலி போதும் என்றேன்.
"வெறுந்தொட்டிதானே?"

வெறுமையாய் அனுப்பாதேங்கோ,
அங்கே கருவாடு என்ன விலை?