வாசல் எண்

க்ருவா-ரூஸ் ஏற்றத்தில்
என் கைப்பேசி அணையும் முன்
ஒரே மூச்சில் சொன்னாள் வாசல் எண்ணை:
கத்ர வேன் தீஸ் செத்,
பிறகு முப்பத்தெட்டு.

நாலு இருபது, ஒரு பத்து, ஒரு ஏழு.
லியோன் நகரமே கணக்கு வாத்தியார்.
கூட்டித் தொண்ணூற்றேழாக்கி
நாக்கடியில் ஒதுக்கினேன்.
தொண்ணூற்றேழு முப்பத்தெட்டு
தொண்ணூற்றேழு முப்பத்தெட்டு
படிக்கு ஒருதரம்.
சொல்வதை நிறுத்தினால் அது இல்லை.

நாயோடு இறங்கியவர் மணி கேட்டார்.
மணிக்கட்டைப் பார்த்து
ஏழு நாற்பது என்றேன்.

போயிற்று.

கதவின் முன் நிற்கிறேன்.
முதுகுப் பெட்டியில் சூப் ஆறுகிறது.
ஏழும் நாற்பதும் பத்திரமாக இருக்கின்றன,
கேட்டவர்தான் போய்விட்டார்.

குனிந்து பொத்தான்களைப் பார்க்கிறேன்:
மூன்று, ஏழு, எட்டு, ஒன்பது
விரல்பட்டு வெளுத்திருக்கின்றன.
எது முதலில் என்று
அவற்றுக்கும் தெரியவில்லை.