ஒன்றரை அடி

அர்த்தனாரி ஒவ்வொரு காலையும்
உதைத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்.
ஆடினால் ஒரு சுண்ணாம்புக் கோடு,
ஆடாவிட்டால் அடுத்தது.
இருபத்திமூன்று சில்வர் ஓக் காலில்
ஒன்பதுக்குக் கோடு விழுந்துவிட்டது.
மேலே தட்டினால் கெட்டியாகத்தான் சத்தம் வருகிறது.
மண்ணை ஒட்டிய அந்த ஒரு சாணில் மட்டும்
கரையான் தின்று தின்று
சீவின பென்சிலாக நிற்கின்றன.

"பழுது பாத்தா ஏழாயிரத்து இருநூறுங்க.
புதுசுன்னா கல்லுக்கால், சங்கிலி வலை, சிமெண்டு,
சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசிக்கும் சேத்து
வண்டி வாடகை,
நாப்பத்தோராயிரம் ஆயிரும்.
காட்டெருமைக்கு ரெண்டும் ஒண்ணுதான்,
அதையும் சொல்லிடறேன்."

அவர் சிரிக்கவில்லை.
போன மாதம் வந்த எருமை
பன்னிரண்டாம் காலுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே நுழைந்து
கம்பியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
பீன்ஸ் பாத்தி வரை நடந்து
மேடையில் மாலையைக் கழற்றுகிற தலைவர் போல
அங்கே கழற்றி வைத்துவிட்டுப் போனது.
அந்த இடைவெளியில் இப்போது
பழைய கட்டில் சட்டம் ஒன்று நிற்கிறது.

மேட்டூருக்குப் போன் போட்டேன்.
அனல்மின் நிலையத்து இரைச்சலுக்கு நடுவிலும்
சூசைநாதன் சொன்னது தெளிவாகக் கேட்டது.
"பழுதே பாரு.
புதுசுன்னா குழி தோண்டணும்.
குழி தோண்டினா அளக்கணும்."

அளந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை.
கேட்காமலே பதினோரு வருஷம்
அந்த ஒன்றரை அடியில் கொத்தமல்லி விதைத்திருக்கிறேன்,
துவைக்கிற கல் போட்டிருக்கிறேன்,
பையனின் முயல் செத்தபோது
அங்கேதான் புதைத்தோம்.
பாறை இருக்கு, கால் இறங்கலை,
கொஞ்சம் தள்ளிட்டேன் என்றார் அப்போது.
பாறை இருந்தது உண்மை.
ஒரு காலுக்கு.

சௌசௌ கொடியை விலக்கி
உள்ளே கையை விடுகிறார் அர்த்தனாரி.
"இந்த எட்டடிக்குக் கம்பியே இல்லீங்க அக்கா,
துருவாக் கொட்டுது.
கொடிதான் நிக்குது, வேலி அதுமேல சாஞ்சிருக்கு.
யார் வெச்சது?"

வனரோஜா வைத்தது.
வேர் அவள் பக்கம். காய் இரண்டு பக்கமும்.
எட்டிப் பறிக்கும்போது
கூட்டுக்கு ஆச்சு என்று நினைத்ததோடு சரி.

பழுதே பாருங்க என்றேன்.
அழுகினதை உருவி அதே குழியில்
வேறொன்றை இறக்கிவிட்டால் முடிந்தது.

மறுநாள் பனி விலகுமுன் வந்துவிட்டார்,
தோளில் முள்முருங்கைப் போத்து ஒன்பது.
"ஓக்கு வேண்டாங்க, மறுபடி கரையான்தான்.
இது வேர் புடிச்சுக்கும், மிளகுகூட ஏத்தலாம்.
புடிச்சிருச்சுன்னா அப்புறம்
யாரும் அசைக்க முடியாது."

கடப்பாரையை ஓங்கினார்.
இருங்க என்றேன்.
எதற்கென்று தெரியாமலே
கட்டில் சட்டத்தை நகர்த்தி
எருமை வந்த வழியில் அந்தப் பக்கம் போனேன்.
ரோட்டைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால்
பாதியில் திரும்பியிருப்பேன்.

ரேஷன் கடைக்குக் கிளம்பி
வனரோஜா தலை வாரிக்கொண்டிருந்தாள்.
நான் ஆரம்பித்து, நடுவில் நின்று,
பாறையைப் பற்றிச் சொன்னேன்.
சீப்பை வாயில் கடித்தபடி கேட்டாள்.
எடுத்துவிட்டு,
"ஒண்ணே முக்கால்" என்றாள்.
"நீங்க வேலி போட்ட வருஷமே அளந்துட்டேன்.
அப்புறந்தான் சௌசௌ வெச்சேன்."

கோபமா என்று முகத்தைப் பார்த்தேன்.
ஜடைக்கு ரப்பர் தேடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அர்த்தனாரியின் டேப்
ஒரு முனை அவள் கட்டைவிரலுக்கு அடியில்,
மறுமுனை என்னிடம்.
நடுவில் கொடி. டேப் நேராக நிற்க மாட்டேன் என்கிறது.
"கொடியை அறுத்துரட்டுங்களா?"
"அறுக்காதீங்க." இரண்டு பேரும்.
"அப்ப எப்படித்தான் அளக்கறது?"

ஈரச் சாக்குக்குள் ஒன்பது போத்தும் காத்திருக்கின்றன.
ஒன்பதரைக்கு அவள் கடை திறக்க வேண்டும்.
என் சமையலறையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது,
மேட்டூராகத்தான் இருக்கும்.