மூன்று மில்லிமீற்றர்

வலியைப் பற்றியல்ல,
இரும்பைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.
“இஸ்குறுப்பு எத்தின எம்.எம். தங்கச்சி?”
ஆறரை. நீளம் நாற்பத்தைந்து.
“பெக்கோ பல்லுக்கு இதவிடப் பெரிசு போடுவம்”
என்று சிரித்தார் உதுமாலெப்பை.
ஏறாவூர், வயது ஐம்பத்திரண்டு.
மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்து மண்மேட்டை
வெட்டித் திறந்துவிடுகிறவர்.
இருபது வருடம் இருக்கையில் குலுங்கிக் குலுங்கி
நாலாம் எலும்பு ஐந்தாவதின் மேல்
முன்னுக்கு வழுக்கியிருக்கிறது.

குப்புறக் கிடத்திய பின் அவருக்கு முகமில்லை.
பச்சைத் துணிக்கு நடுவில் அயடீன் பூசிய ஒரு சதுரம்.
இடுப்பெலும்பில் குத்தி நிறுத்திய சட்டகம்,
அதில் நாலு சாம்பல் உருண்டைகள்.
கால்மாட்டில் கெமரா.
அதற்கு உதுமாலெப்பையைத் தெரியாது,
உருண்டைகளைத் தெரியும்.
குறுக்கே யாரும் வந்தால் திரை குருடாகும்.
“பிலோமினா சிஸ்டர், கொஞ்சம் குனியுங்கோ.”

என் வேலை படம்.
மூச்சுக் கருவியை நிறுத்திப்பிடிக்கச் சொல்லி
எல்லோரும் ஈயக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்தோம்.
அரை நிமிடம்
வளையம் அவரைச் சுற்றியது,
உள்ளே அவர் மட்டும்.

டொக்டர் கிருபாலினி
விரல்நக அகலத்தில் நாலு கீறல் போட்டார்.
முதுகைப் பார்க்கவேயில்லை.
திரையில் நீலக்கோடு எலும்புக்குள் இறங்க
கை அதன் பின்னால் போனது.
இடப்பக்கம் இரண்டும் முடிந்தன.
வலப்பக்கம் நிற்க இடம் கேட்டார்.
வளையத்தைப் பின்னுக்கு இழுத்தேன்.

அப்போது அதன் பிளாஸ்டிக் உறை எதிலோ பட்டது.
பட்டதா?
நூல் அறுகிற அளவு சத்தம்.
ஒருவரும் திரும்பவில்லை.
திரையைப் பார்த்தேன்:
எலும்பு அப்படியே, கோடு அப்படியே,
எல்லாம் முன்பு போலவே அழகாக.
அதுதான் பயம்.
சட்டகம் அசைந்திருந்தால்
அது காட்டுவது சற்றுமுன் இருந்த முதுகு.

நான் வந்து மூன்று மாதம்.
தியேட்டருக்குள் கேட்டால் மட்டும் பேசு
என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
மாஸ்க்குக்குள் என் மூச்சு எனக்கே புளித்தது.
துளைகருவி தோலைத் தொடப் போனது.

“என்ட பக்கம் பட்டிருக்கலாம், டொக்டர்.”

ஏசவில்லை. “எதில?” என்றுகூடக் கேட்கவில்லை.
சுட்டுகோலை எடுத்து
ஏற்கெனவே பூட்டிய திருகின் தலையில் வைத்தார்.
டிக்.
உலோகம் உலோகத்தைத் தொட்டது
எல்லோருக்கும் கேட்டது.
திரையில் அந்த முனை
திருகுக்குப் பக்கத்தில், தசைக்குள், மிதந்துகொண்டிருந்தது.
மூன்று மில்லிமீற்றர்.

வலப்பக்கம், உட்புறமாக, மூன்று மில்லிமீற்றரில்
என்ன இருக்கிறது என்று எனக்குப் பாடம்.
வலது காலுக்குப் போகிற நரம்பு.
பெக்கோவின் பெடல்.

சட்டகத்தை இறுக்கினோம்.
திரும்பவும் ஈயக் கதவு, திரும்பவும் அரை நிமிடம்,
அவருக்கு இன்னொரு பங்கு கதிர்.
அதற்கு நான்தான் காரணம்.
படிவத்தில் எழுதினேன்:
சட்டகம் அசைந்தது. மறுபடம் எடுக்கப்பட்டது.
எப்படி அசைந்தது என்று அதில் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதி என் கையெழுத்தை வைத்தேன்.

மறுநாள் வார்ட்டில்
பழங்களுக்கு நடுவில் கிடந்தார்.
“நேராப் பூட்டினீங்களா?”
நாலும் நேர் என்றேன்.
பிறகு நடந்ததையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
“அப்ப சொல்லாம விட்டிருந்தா?”
என்னிடம் பதில் இல்லை.

போர்வைக்கு வெளியே வலது பெருவிரல்
ஒருமுறை கீழே அழுந்தியது,
எழும்பியது, அழுந்தியது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
நான்தான் எண்ணிக்கொண்டு நின்றேன்.