ரேகை

ஒப்புதல் படிவத்தில்
மூன்று முறை அழுத்திப் பார்த்தாயிற்று.
இடது பெருவிரல் மையை வாங்கிக்கொள்கிறது,
தாளில் ஒரு நீலத் திட்டாக இறங்குகிறது.
வரி இல்லை, சுழி இல்லை.

"ரேசன் கடை மிசினும் இப்படித்தான் தாயி,
நான் நானில்லங்குது" என்றார் முத்துராக்கு.
முப்பத்தொரு வருசம்
சின்னப்பாலத்துக்குத் தெற்கே, பாறையில் பாசி பிடுங்கியவர்.
விரலில் துணி, துணிமேல் ரப்பர்,
அதையும் தாண்டித்தான் பாறை
ஒவ்வொரு கோடாக அழித்திருக்கிறது.
சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்:
சே. ஜெய்னம்பு, ஆய்வகப் பணியாளர், மண்டபம்.

குதிகாலில் புண். ஏழு மாதம். சர்க்கரை.
ஓரம் வெளுத்து, பழைய ஒரு ரூபாய் அகலம்.
உப்புத்தண்ணி ஆத்திரும் என்று
ஆடி வரைக்கும் அதோடேயே இறங்கியிருக்கிறார்.

தொடையில் வெற்றிலைக்காம்பு அளவு தோல் எடுத்து
ராமநாதபுரத்தில் ஐஸ் பெட்டியில் வைத்துத் தந்தார்கள்.
பஸ்ஸில் என் மடியில்தான் வந்தது.
உச்சிப்புளியில் ஏறியவர் கேட்டார், "இறாலாம்மா?"
ஆமாம் என்றேன்.

செல்கள் பெருகப் பதினெட்டு நாள்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
அந்த இளஞ்சிவப்புத் தண்ணீரை மாற்ற வேண்டும்,
நோன்பு திறக்கிற நேரமானாலும்.
கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஓட வேண்டும்;
முப்பத்தேழு டிகிரிக்குக் கீழே
அவற்றுக்கு உலகம் கிடையாது.

அச்சு மை ஒரு கூழ். நிறமில்லை, மணமில்லை.
டப்பாவின் மேல் வாயில் நுழையாத பெயர்.
"எதுல செஞ்சது?" என்று கேட்டார்.
கட்டக்கோரை என்றேன்.
இருமல் வருமளவு சிரித்தார்.
"கிலோ மூணு ரூவான்னு
எடை போட்டுட்டுப் போனானே லாரிக்காரன்,
அதுவா திரும்பி என் காலுக்கு வருது?"
எந்த மூட்டையோ, யார் பிடுங்கியதோ தெரியாதும்மா.
"யார் பிடுங்குனா என்ன. எல்லாம் அதே பாறைதான்."

அச்சிட்டது ஒரு புதன் இரவு.
ஊசி இடம் போனது, வலம் வந்தது,
வரி, அதன்மேல் குறுக்கு வரி,
பாய் முடைகிற மாதிரி. இல்லை,
பாய்க்கு இவ்வளவு பயம் தேவையில்லை.
நாலாவது அடுக்கில்
சென்னை ரயில் பாலத்தை விட்டு இறங்கும் சத்தம்.
மேசை நடுங்கும் என்று தெரியும்.
நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டு நின்றேன்.
பெட்டி பெட்டியாக ஊர் கடந்து போகும்வரை
ஊசி நுனியில் ஒரு சொட்டு
விழாமல் தொங்கியது.
அதற்குள் சில ஆயிரம் முத்துராக்கு.

பிறகு கால்சியம் தெளித்தேன்.
கூழ் இறுகியது.

மூன்றாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள்.
முக்கால்வாசி பிடித்திருந்தது.
விரல் பக்க ஓரம் ஒட்டாமல் கழன்றுவிட்டது,
அதற்கு இன்னொரு முறை வரவேண்டும்.
பிடித்த இடத்தில் ரோமமில்லை, வேர்வைக் கண் இல்லை,
மழுமழுவென்று, யாருடையதும் இல்லாத மாதிரி.
டாக்டர் வேண்டாம் என்பதற்குள்
பெருவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டார்.
வரி தேய்ந்த தோல்,
வரியே எழுதாத தோலின் மேல்.
"விரலுக்கும் ஒரு ரேகை போட்டுத் தாயேன்."
நான் மிசினை நினைத்துக்கொண்டேன்.
நாங்கள் வரைந்து கொடுப்பதைத்தான் அது அச்சிடும்.
அவர் ரேகையை வரைந்தது வயிற்றுக்குள் இருந்த நாலாம் மாதம்;
அந்தக் கோப்பு எங்களிடம் இல்லை.
இதைச் சொல்லவில்லை.
மூணு மாசத்துக்குக் கடலில் இறங்கக்கூடாது என்பதைச் சொன்னேன்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
"கச்சான் நின்னிருச்சு" என்றார்,
எனக்கில்லை.

வெள்ளிக்கிழமை படிவம் திரும்பி வந்தது.
சிவப்பு மையில்:
கைரேகை தெளிவில்லை, மறுபடி பெற்று அனுப்பவும்.

மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன்.
முத்துராக்கு அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து
குதிகாலை நீட்டினார்.